அவர்கள் செவிடர்கள் அல்லர்

1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தில் வெர்ட்டிகோ கம்பெனியார் வெளியிட்ட ‘பிளாக் சப்பாத்’ குழுவின் அதே பெயர்கொண்ட முதல் இசைத்தட்டைப் பற்றி ஒரு ஸ்தல புராணமே வழங்கிவருகிறது. பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் பேட்டையில், இரும்புப் பட்டறைகளின் இரைச்சலைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த நான்கு ஏழைப் பிள்ளைகள், அவர்களில் ஒருவன் ஆலையில் விரல் நுனிகளைப் பறிகொடுத்தவன், லண்டனுக்குப் போய் ஒரே நாளில், அதற்குமுன் எவரும் கேட்டறியாத ஓர் இசையைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பினார்கள் என்றும், ஹெவி மெட்டல் என்னும் இசைவகை அந்தத் தட்டின் மழைச் சத்தத்திலும் மணியோசையிலுமே அவதரித்தது என்றும், அன்றைய விமரிசகர்கள் காதிருந்தும் செவிடர்களாகி அதைத் தூற்றினார்கள் என்றும், பாமர ஜனங்களோ அதை இனங்கண்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 23-ஆம் இடத்துக்கும் உயர்த்தினார்கள் என்றும், பிற்பாடு காலதேவனே விமரிசகர்களின் முகத்தில் கரியைப் பூசினான் என்றும் அந்தப் புராணம் விரிகிறது. குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22-ஆம் தேதி காலமானதையொட்டி உலகெங்கும் இது மறுபடி ஒருமுறை பாராயணம் செய்யப்பட்டது.

ஏழை ஜெயிப்பதும் பண்டிதன் தோற்பதும் காதுக்கு இனிய சங்கதிகள். ஆகையால் இக்கதைக்கு ஆட்சேபம் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கு வருகிறது. அன்றைய விமரிசகர்களின் தீர்ப்பை நான் ஆதரிக்கவில்லை. அது அநியாயத் தீர்ப்புதான். ஆயினும் தீர்ப்பு வேறு, சாட்சியம் வேறு. தட்டில் என்ன ஒலிக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கேட்டார்கள். கேட்டதற்கு மதிப்புப் போடுவதில் பிசகினார்கள். இன்றைய பக்தர்கள் மதிப்பை வானளாவப் போட்டுவிட்டு, உள்ளே ஒலிப்பதைக் காதில் வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். இவ்விரண்டில் எது பெரிய செவிட்டுத்தனம் என்பதே இங்கே வழக்கு.

முதலில் விமரிசகர்கள் சொன்னது என்ன என்று பார்ப்போம். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் 1970 செப்டம்பரில் எழுதிய லெஸ்டர் பாங்ஸ், இந்தக் குழு க்ரீம் என்னும் குழுவின் நகல் என்றும், நகலிலும் மட்டமான நகல் என்றும் எழுதித் தள்ளினார். எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் சேர்ந்த க்ரீம், அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசையை எடுத்து, ஒலிபெருக்கியின் வலிமையாலும் நீண்ட மனோதர்ம வாசிப்பாலும் அதை ஊதிப் பெரிதாக்கி, 1968 நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கடைசிக் கச்சேரி நடத்திக் கலைந்துபோன குழு. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைப் பிடிக்க இங்கிலாந்தின் ஊருக்கு ஊர் இளைஞர் கூட்டங்கள் புறப்பட்டிருந்தன. 1969 ஜனவரியில் வந்த லெட் ஜெப்பலின் குழுவின் முதல் தட்டையும் இதே பத்திரிகை இதே தோரணையில்தான் பரிகாசம் செய்தது. இத்தகைய தட்டுகள் வாராவாரம் மேஜையில் வந்து குவிந்த ஒரு விமரிசகனுக்குச் சலிப்பு ஏற்பட்டதை நாம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் விடலாம். க்ரீமின் சாயல் இருக்கிறது என்று அவன் சொன்னது பொய்யா என்பதல்லவா கேள்வி? பொய்யே இல்லை. சாயல் இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது, மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த நால்வருக்கு இருந்ததில்லை.

எப்படி இருக்கும்? 1968-இல் அவர்கள் கூடியபோது வைத்துக்கொண்ட பெயர் போல்கா டல்க் புளூஸ் பேண்ட். பிறகு எர்த் என்று மாற்றிக்கொண்டார்கள். போரிஸ் கார்லாஃப் நடித்த 1963-ஆம் வருஷத்துத் திகில் படத்தின் பெயரான பிளாக் சப்பாத் அவர்களுக்கு வாய்த்தது அதற்கும் பிறகு. பர்மிங்ஹாமில் அவர்களுக்கு மேடை கொடுத்து நிர்வாகியாகவும் இருந்த ஜிம் சிம்ப்ஸன் நடத்திய இடத்தின் பெயர் ஹென்றீஸ் புளூஸ்ஹவுஸ். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில், முக்கால் மணி நேரக் கச்சேரிகளை ஒரே நாளில் ஏழு தடவை வாசிக்க வேண்டியிருந்ததனால், கைவசமிருந்த சில பாட்டுகளை இழுத்து, வளைத்து, நடுவே ஆளுக்கொரு தனி வாசிப்பைச் செருகி நேரத்தை நிரப்பக் கற்றார்கள். பேஸ் கிதார் வாசித்த கீசர் பட்லர் சாதாரணக் கிதாரிலிருந்து அதற்கு மாறியவர்; ஜாக் புரூஸைக் கேட்டு அதில் கை பழகியவர். டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், ஜீன் க்ருபா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் தாளக்காரர்களைக் குருவாக வரித்தவர். கிதார் கலைஞர் டோனி அயோமி 1968 டிசம்பரில் சிறிது காலம் ஜெத்ரோ டல் குழுவில் போய்ச் சேர்ந்து, அங்கே காலையிலேயே கூடி உத்தியோகம்போல் ஒத்திகை பார்க்கும் ஒழுங்கைக் கண்டு, திரும்பிவந்து தம் தோழர்களையும் அந்த வழக்கத்துக்குள் பிடித்துப் போட்டார். ஆக, 1969 அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் கூடத்துக்குள் நுழைந்தவர்கள், ஒன்றும் அறியாமல் ஒரு மதத்தை ஸ்தாபித்துவிட்ட பாலகர்கள் அல்லர்; இரவுக்கு இரவு வாசித்துக் கைவிரல் காய்த்துப்போன ஒரு புளூஸ் கோஷ்டி.

ஒரே நாளில் பதிவானது என்பதை அற்புதம்போல் சொல்கிறார்களே, அதன் மர்மமும் இதில் அடங்கிவிடுகிறது. மேடையில் நூறு முறை வாசித்ததைக் கூடத்தில் இன்னொரு முறை வாசிக்க ஒரு நாள் போதும். பீட்டில்ஸ் தங்கள் முதல் நெடுந்தட்டின் 14 பாட்டுகளில் பத்தை 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி ஒரே நாளில் முடித்தார்கள். அதை யாரும் அவதார லீலையாகக் கொள்வதில்லை. தயாரிப்பாளர் ரோஜர் பெய்னும் ஒலிப்பதிவாளர் டாம் ஆலமும் செய்த பெரிய உபகாரம் அவர்களை வழிமறிக்காமல் வாசிக்க விட்டதுதான். இதில் ஒரு வேடிக்கை: அன்று அயோமி கொண்டுவந்த முதன்மைக் கிதார் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ‘விக்கெட் வேர்ல்ட்’ என்ற ஒரு பாட்டு முடிந்ததும் அதன் ஒலிவாங்கி பழுதாகிவிட, கைக்காவலாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிதாரை எடுத்து மீதியை வாசித்தார். விதியென்றும் பிறவியென்றும் போற்றப்படும் அந்தக் கனத்த நாதத்தில் பழுதான ஓர் உதிரிப்பாகத்துக்கும் பங்குண்டு.

இனி தட்டுக்கே வருவோம். அதன் நீளம் சுமார் 38 நிமிஷம். புராணம் அத்தனையும் முதற்பாட்டின் ஆறு நிமிஷத்துச் சொச்சத்தின் மேலேயே கட்டப்பட்டது. அந்த ஆறு நிமிஷத்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. மழை பெய்கிறது, தூரத்தில் மணி அடிக்கிறது, இடி இடிக்கிறது. இவை பிற்பாடு ஒட்டவைக்கப்பட்டவை. பிறகு கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒன்றாக விழுகின்றன. கிதார் சொல்வது மூன்றே ஸ்வரம்: ஆதார ஸட்ஜம், அதன் மேல் ஸட்ஜம், பிறகு அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமத்தில் நின்று ஓர் உதறல். ஹோல்ஸ்டின் ‘கிரகங்கள்’ என்ற வாத்தியக் கோஷ்டிப் படைப்பில் செவ்வாய்க்குரிய பகுதியை பட்லர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து இது கிளைத்தது என்பார்கள். இந்த இடைவெளியைத்தான் சைத்தானின் ஸ்வரம் என்றும், மத்திய காலத்துத் திருச்சபை அதைத் தடை செய்திருந்தது என்றும் சொல்லாத கட்டுரை இல்லை. அப்படி ஒரு தடையுத்தரவுக்குச் சான்று எதுவும் கிடையாது. அந்தப் பட்டப்பெயர் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இசை இலக்கண ஆசிரியர்களின் நூல்களில் தென்படுவது, சேர்த்திசையில் இந்த இடைவெளியை ஜாக்கிரதையாகக் கையாளும்படி மாணவனுக்குச் சொன்ன எச்சரிக்கையின் ஒரு பகுதி. நம்முடைய காதுக்கோ இதில் சைத்தானும் இல்லை, தடையும் இல்லை. 72 மேளகர்த்தாக்களில் சரிபாதியில் இந்த மத்தியமம் உட்கார்ந்திருக்கிறது, கல்யாணியைக் கேட்டு எந்தக் கல்யாண வீட்டிலும் எவரும் அலறி ஓடியதில்லை. அதைவிட முக்கியம், ஐந்தாம் ஸ்வரத்தை ஒரு ஸ்தானம் இறக்கிப் பிடிப்பது புளூஸ் பாடகர்களின் அன்றாட வழக்கம். இந்த மத்தியமமும் அதே ஸ்தானந்தான். ஆக, புளூஸைவிட்டு வெளியேறிய முதல் அடி என்று கொண்டாடப்படும் ஸ்வரம் புளூஸின் சொந்தச் சொத்து. பயம் ஸ்வரத்தில் இல்லை, காலப்பிரமாணத்தில் இருக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று கேட்பவன் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும்படியான அந்த அதிவிளம்பத்தில், அந்த இடைவெளிகளில் காலக்கணக்கை விட்டுவிட்டு டிரம்ஸை இடிபோல் உருட்டிவிடும் வார்டின் கையில், பாட்டு வரும்போது கிதார் ஒதுங்கிக் குரலைத் தன்னந்தனியே நிறுத்திவிடும் தந்திரத்தில் இருக்கிறது. இது புதிதுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஊசியை எடுக்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்ப் பாருங்கள். ‘தி விசார்ட்’ எதில் ஆரம்பிக்கிறது? மவுத் ஆர்கனில். அமெரிக்கத் தென்மாநிலத்து மதுக்கடைகளிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறி வந்த அதே மவுத் ஆர்கன், ஆஸ்போர்னின் வாயில். அது ஒரு வரி பேசுகிறது, கிதார் பதில் சொல்கிறது, கிதார் ஓய்ந்த சந்தில் வார்ட் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்கட்டைப் புரட்டிப் போடுகிறார். இரண்டு தடவை ஒரே மாதிரி வராத அந்தப் புரட்டல், பின்னாளில் மெட்டல் என்று பெயர்பெற்ற சங்கீதத்தில் அநேகமாக மறைந்தேபோயிற்று. டோல்கீனின் மந்திரவாதி கண்டால்ஃபை நினைத்து எழுதிய பாட்டு என்று விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார்களே தவிர, அதன் லயத்தில் உள்ள ஆட்டத்தை, இடுப்பை அசைக்கும் அந்தச் சாய்ந்த நடையை, எத்தனை பேர் சொன்னார்கள்? ‘என்.ஐ.பி.’ என்ற பாட்டில் பட்லரின் தனி பேஸ் முடிந்து கிதார் எடுத்துக்கொள்ளும் சங்கதி, க்ரீமின் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ பாட்டை ஒருமுறையேனும் கேட்ட எவருக்கும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடும்.

இரண்டாம் பக்கத்தில் புராணிகர்களின் பாடு இன்னும் திண்டாட்டம். ‘ஈவில் உமன்’ இவர்களுடைய பாட்டே அல்ல. மினியாபொலிஸ் நகரத்து க்ரோ என்ற குழுவினுடையது. நிர்வாகியின் வற்புறுத்தலால், வியாபாரத்துக்காக, ஜனவரியில் சிறுதட்டாக விடப்பட்டது. மூலத்தில் ஊதுவாத்தியங்கள் செய்த வேலையைக் கிதாரே செய்கிறது. அமெரிக்கப் பதிப்பில் இதை எடுத்துவிட்டு, வார்டின் ஜாஸ் நடையில் துள்ளித் தொடங்கும் ‘விக்கெட் வேர்ல்ட்’ பாட்டைச் சேர்த்தார்கள். அதாவது புளூஸைக் கழித்த இடத்தில் ஜாஸைக் கூட்டினார்கள். கடைசியில் வரும் ‘வார்னிங்’ ஏன்ஸ்லி டன்பர் ரிடாலியேஷன் என்ற இங்கிலீஷ் புளூஸ் குழுவின் 1967-ஆம் வருஷத்துப் பாட்டு. இங்கே அது பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. காதலில் அடிபட்டவன் புலம்பும் சாதாரண சாகித்தியம். பெரும்பகுதி அயோமியின் ஆலாபனை. இடையே மற்ற இருவரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட, அவர் ஒருவரே ஒரு பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பி உருட்டி, சோர்ந்து, இன்னொன்றைப் பிடிக்கிறார். ஹாம்பர்க்கில் நேரத்தை நிரப்பக் கற்றதெல்லாம் இதில் கேட்கிறது, சலிப்பூட்டும் இடங்கள் உட்பட. பாங்ஸின் பரிகாசம் இங்கே ஓரளவு பலிக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இவ்விரண்டு இரவல் பாட்டுகளுமே சேர்ந்து ஏறத்தாழ 14 நிமிஷம். தட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல். மூன்றிலொரு பங்கு பிறர் பாட்டாக உள்ள தட்டை, யாரும் கேட்டறியாத இசையென்று சொல்ல நாக்கு கூச வேண்டாமா?

விரலைப் பற்றிய வாதமும் பட்டறையைப் பற்றிய வாதமும் இவ்வளவு நேரம் பெறத் தகுந்தவையல்ல, சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அயோமி இடக்கைக்காரர், 17-ஆம் வயதில் தகர ஆலையின் இயந்திரம் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைக் கொண்டுபோயிற்று, பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், கிதார் தந்திகளை மெல்லியவையாக மாற்றினார். இதெல்லாம் மெய், வணங்கத் தகுந்த மெய். ஆனால் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால் பிறந்தது இந்த நாதம் என்பது, வருஷத்தைப் பார்க்காமல் சொல்வது. முதல் தட்டு வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. மிகத் தாழ்ந்த சுருதி வந்தது 1971-இல், மூன்றாம் தட்டான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில். மேலும், மனம் உடைந்து கிடந்த அயோமிக்கு ஆலை மேலாளர் போட்டுக்காட்டிய இசைத்தட்டு யாருடையது? தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய ஜாங்கோ ரைன்ஹார்டினுடையது. அவரும் இரு விரல்களின் பயனை இழந்தவர். அவரிடமிருந்து பிறந்ததோ ஐரோப்பிய ஜாஸிலேயே மிகச் சுறுசுறுப்பான, தும்பிபோல் பறக்கும் வாசிப்பு. ஒரே ஊனம் இரண்டு நேரெதிர் சங்கீதங்களைத் தருமானால், சங்கீதத்தைத் தீர்மானித்தது ஊனம் அல்ல. பட்டறைச் சத்தமும் அப்படியே. அதே பர்மிங்ஹாமிலிருந்துதான் 1967-இல் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு சேர்ந்து மென்மையாகப் பாடிய மூடி புளூஸ் குழு வந்தது. அதே ஊரிலிருந்துதான் ஸ்டீவ் வின்வுட்டும் ஜெஃப் லின்னும் வந்தார்கள். சம்மட்டி இவர்கள் காதில் மட்டும் விழாமல் போயிற்றா?

முதற்பார்வை மெய்யாகவே ஏமாந்த ஓர் இடம் உண்டு. அது காதைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. மேப்பிள்டர்ஹம் என்ற கிராமத்து நீராலைக்கு முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கும் அட்டைப்படத்தையும், உள்ளே குழுவினரைக் கேட்காமலே கம்பெனியார் அச்சிட்ட தலைகீழ்ச் சிலுவையையும் பார்த்துவிட்டு, இவர்கள் சைத்தான் உபாசகர்கள் என்று சிலர் மிரண்டார்கள், சிலர் மகிழ்ந்தார்கள். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த பட்லரின் கெட்ட கனவிலிருந்து வந்த அந்த முதற்பாட்டு, கறுப்பு உருவத்தைக் கண்டு நடுங்கியவன் கடவுளைக் கூப்பிட்டு அலறும் பாட்டு. உபாசனையாவது, ஒன்றாவது! இந்தப் பிசகில் மட்டும் அன்றைய விமரிசகனும் இன்றைய பக்தனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதிர்வாதி இதற்கு ஒரு வலுவான பதில் வைத்திருப்பான்: ‘அந்த வருஷம் புளூஸ் வாசித்த நூறு குழுக்கள் மறைந்துபோக, இது மட்டும் ஒரு வம்சத்துக்கு மூலபுருஷன் ஆனது ஏன்? மற்ற குழுக்களில் இல்லாத ஏதோ ஒன்று இதில் இருந்திருக்க வேண்டுமே!’ இருந்தது, அந்த ஆறு நிமிஷத்து விளம்பம் இருந்தது. ஆனால் வம்சத்தை உண்டாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்கள் இந்தத் தட்டிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மவுத் ஆர்கனையும் ஜாஸ் நடையையும் இரவல் பாட்டுகளையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். எடுத்ததற்கும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தட்டுகளே வசதியாக இருந்தன. பேரன் கலெக்டராகிவிட்டான் என்பதற்காகத் தாத்தாவின் ஜாதகத்தில் ராஜயோகம் தேடுவதுபோல், இன்றைய மெட்டலை வைத்துக்கொண்டு 1970-ஆம் வருஷத்துத் தட்டை வாசிக்கிறார்கள். தேடினால் கிடைக்கும், ஆனால் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பது தெரியாமலே போய்விடும். ஆஸ்போர்னே ஹெவி மெட்டல் என்ற பட்டத்தை விரும்பியவர் அல்லர் என்பதையும் இவர்கள் எளிதில் மறக்கிறார்கள்.

பாங்ஸின் குற்றம் வேறிடத்தில் இருந்தது. சாயல் தெரிந்தவுடனே போலி என்று முத்திரை குத்தினாரே, அது. புளூஸ் என்பதே பன்னிரண்டு அடிச் சட்டகத்துக்குள் ஒருவர் பிடியை ஒருவர் எடுத்துத் தம் கைவண்ணத்தை ஏற்றிக் கொடுப்பதால் உயிர்வாழும் சம்பிரதாயம். அதில் பிறர் சாயலைக் குற்றமாகக் கொண்டால் க்ரீமும் மிஞ்சாது, க்ரீம் எவரிடமிருந்து எடுத்ததோ அவர்களும் மிஞ்சமாட்டார்கள். கேட்கவேண்டிய கேள்வி, வாங்கிய சரக்கை இவர்கள் என்ன செய்தார்கள் என்பது. கிளாப்டன் விரைந்து செல்லும் இடங்களில் அயோமி நிற்கிறார்; பேக்கர் தம் வித்தையைக் காட்ட முன்வரும் இடங்களில் வார்ட் பாட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு கலகம் செய்கிறார். இந்த வேற்றுமையைக் காண, முதலில் ஒற்றுமையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாங்ஸ் பாதி வழி வந்து நின்றுவிட்டார், பக்தர்கள் வழியிலேயே இறங்கவில்லை. இன்னொன்று, பாங்ஸ் அங்கேயே நின்றுவிடவும் இல்லை: 1972-இல் ‘க்ரீம்’ என்ற பத்திரிகையில், குழுவின் பெயரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, இதே பிளாக் சப்பாத்தைப் பற்றி மரியாதையோடு நீளமாக எழுதினார். இரண்டே வருஷத்தில் தம் மதிப்பைத் தாமே திருத்திக்கொண்ட அந்த மனிதரை 1970-இலேயே ஆணியடித்து நிறுத்திவைத்தால்தான் புராணம் சுவைக்கிறது.

2025 ஜூலை 5-ஆம் தேதி, ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், மூலவர்கள் நால்வரும் கடைசியாக ஒருமுறை கூடினார்கள். தொடக்கத்துக்குத் திரும்புதல் என்ற பொருளில் அந்த விழாவுக்குப் பெயரிடப்பட்டிருந்தது. நால்வரும் சேர்ந்து வாசித்தவை நான்கு பாட்டுகள். மூன்று, இரண்டாம் தட்டான ‘பேரனாய்ட்’ தட்டிலிருந்து. முதல் தட்டிலிருந்து ஒன்றே ஒன்று. மழையும் மணியும் மூன்று ஸ்வரமும் கொண்ட அந்தப் பிறப்புப் பாட்டு அல்ல, ‘என்.ஐ.பி.’